ஈஎல்டி லொக் குழப்பினால் யாரைக் கேட்பது? புதிதாக ட்றக் ஓடும் தம்பிக்கு ஒரு பதில்

ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏசெட் லைசன்ஸ், அதாவது ட்றெயிலர் இழுக்கும் பெரிய ட்றக் ஓடும் லைசன்ஸ், எடுத்து வேலையில் சேர்ந்து மூன்று மாதம். ரொறன்ரோவுக்கும் சிக்காகோவுக்கும் இடையே ஓடுகிறார். ஓட்டம் பரவாயில்லை, ஓட்ட நேரத்தைத் தானாகப் பதியும் ஈஎல்டி கருவியின் டப்லெட்டில் வரும் லொக், அதாவது ஓட்டம், வேலை, ஓய்வு நேரங்களின் பதிவுதான் அவரைப் போட்டு வாட்டுகிறது. ஒருநாள் விடிய லொகின் செய்ததும், "இந்த ட்றக் 1 மணித்தியாலம் 12 நிமிடம் ஓடியிருக்கிறது, இது உங்களுடையதா?" என்று திரை கேட்டிருக்கிறது. அவசரத்தில் "ஓம்" என்று அமத்திவிட்டார், சட்டப்படி அன்றைக்கு ஓடக்கூடிய நேரத்தில் அவ்வளவும் குறைந்துவிட்டது. இன்னொரு நாள் 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது திரையில் சிவப்பாக ஒரு எழுத்து வந்து நின்றது. பிறகு மிச்சிகனில் ஒரு ஸ்கேலில், அதாவது ட்றக்கை நிறுத்தி எடை பார்த்துப் பரிசோதிக்கும் இடத்தில், அதிகாரி லொக்கை அனுப்பச் சொன்னபோது, எந்தப் பட்டன் என்று தெரியாமல் அரை மணித்தியாலம் தடுமாறியிருக்கிறார். ஓட்டத்துக்கு அனுப்பும் டிஸ்பாச் ஆட்களைக் கேட்டால், "நீ ஓடு, லொக்கை நாங்கள் சரிசெய்கிறோம்" என்கிறார்களாம். "அண்ணை, இதற்கெல்லாம் யாரிடம் உதவி கேட்பது?" என்பது அவர் கேள்வி.

தம்பி, நான் 16 வருடம் ட்றக் ஓடியவன். இப்போது ஒரு சிறிய கொம்பனியில் சேஃப்டி வேலை பார்க்கிறேன். காலையில் கோப்பியோடு இருந்தால் மத்தியானம் வரை சாரதிகளின் லொக்குகளைத்தான் பார்ப்பேன். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் எங்கள் ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. உங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் ஒன்று விளங்கவேண்டும். ஈஎல்டி என்பது ஒரு பொருள் அல்ல, மூன்று. டாஷ்போர்டுக்குக் கீழே, ஒன்பது ஊசி உள்ள வட்டமான சொக்கெட்டில் செருகியிருக்கிற சிறிய கறுப்புப் பெட்டி ஒன்று. அதோடு புளூடூத்திலோ வயரிலோ பேசுகிற டப்லெட்டும் அதில் உள்ள அப்பும் இரண்டாவது. கொம்பனியில் நாங்கள் பார்க்கிற கணக்கு, அதாவது சேர்வர், மூன்றாவது. எஞ்சின் ஓடுகிறதா, சக்கரம் உருள்கிறதா, எத்தனை கிலோமீற்றர், எஞ்சின் எத்தனை மணித்தியாலம் என்று ட்றக்கிடமிருந்து அறிந்து சொல்வது பெட்டி. நீங்கள் யார், என்ன நிலையில் இருக்கிறீர்கள் என்று சொல்வது அப். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது சேர்வர். பிரச்சினை இந்த மூன்றில் எங்கே என்று தெரிந்தால் யாரைக் கேட்பது என்பது பாதி முடிந்த கதை. பெட்டியும் அப்பும் கதைக்கவில்லை என்றால் அப் விற்ற கொம்பனியின் உதவி எண். கணக்கில், நேரத்தில், பெயரில் பிழை என்றால் உங்கள் கொம்பனியின் சேஃப்டி ஆள். டிஸ்பாச் இந்த இரண்டில் ஒன்றும் இல்லை. அவர்கள் வேலை லோட் தேடுவது. லொக் விஷயத்தில் டிஸ்பாச்சிடம் கேட்பது, பல்வலிக்கு மருந்துக் கடை வாசலில் நிற்பவரைக் கேட்பது போல.

சரி, முதல் விஷயத்துக்கு வருவோம். அந்த 1 மணித்தியாலம் 12 நிமிடம்.

யாரும் லொகின் செய்யாமல் ட்றக் உருண்டால், பெட்டி அதைச் சும்மா விடாது. பெயர் தெரியாத ஓட்டம் என்று எழுதி வைத்துக்கொண்டு, அடுத்து யார் லொகின் செய்கிறாரோ அவரிடம் கேட்கும். பெரும்பாலும் அது மெக்கானிக்கின் ஓட்டமாக இருக்கும். பிறேக் பார்த்துவிட்டு ஒரு சுற்று ஓடிப் பார்த்திருப்பார், அல்லது யார்டில் உள்ளவர் கழுவக் கொண்டுபோயிருப்பார். நீங்கள் ஓடாததை "என்னுடையது அல்ல" என்று மறுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மறுத்தால் அது எங்கள் பக்கம் வரும். யார் ஓடியது என்று கண்டுபிடித்து அவர் பெயரில் போடுவதும், முடியாவிட்டால் ஏன் என்று குறிப்பு எழுதுவதும் கொம்பனியின் கடமை. அப்படியே கிடக்கவும் விடக்கூடாது. 24 மணித்தியாலத்தில் பெயரில்லாத ஓட்டம் 30 நிமிடத்துக்கு மேல் சேர்ந்தால் பெட்டி எச்சரிக்கை காட்டும், ஸ்கேலில் உள்ள அதிகாரிக்கும் அது தெரியும். அதுவும் உங்கள் ட்றக்கோடு சேர்த்துத்தான் தெரியும்.

நீங்கள் ஏற்கனவே "ஓம்" சொல்லிவிட்டீர்கள். அதை நீங்களாக அழிக்க முடியாது. பெட்டி தானாகப் பதிந்த ஓட்ட நேரத்தை யாராலும் சுருக்கவோ ஓய்வு நேரமாக மாற்றவோ முடியாதபடிதான் விதி செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதலாம். "இந்த ஓட்டம் என்னுடையது அல்ல, தவறுதலாக ஏற்றுக்கொண்டேன், அந்நேரம் ட்றக் வேர்க்ஷொப்பில் இருந்தது" என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி போதும். அதே நாளில் சேஃப்டிக்கு ஒரு டெக்ஸ்ட் அல்லது ஈமெயில் அனுப்புங்கள். வாயால் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது. வேர்க்ஷொப் பில் இருந்தால் போன் கமராவில் ஒரு படம். இனிமேல் அந்தக் கேள்வி வந்தால் நேரத்தையும் இடத்தையும் வடிவாகப் பாருங்கள். அந்நேரம் நான் எங்கே இருந்தேன்? கட்டிலில் என்றால் மறுப்புத்தான்.

இரண்டாவது, சிவப்பு எழுத்து. இதற்குத்தான் சனம் அதிகம் பயப்படுகிறது. ஆனால் முறை தெரிந்தால் இதுதான் மிகவும் லேசானது.

இரண்டு வகை உண்டு. எண்ணோடு வருவது சிறிய எச்சரிக்கை, அநேகமாகத் தன்பாட்டில் தீரும். எழுத்தோடு வருவது பழுது. பி என்றால் மின்சாரம், ஈ என்றால் எஞ்சினோடு தொடர்பு, டி என்றால் மணிக்கூடு, எல் என்றால் இடம் காட்டும் ஜிபிஎஸ், ஆர் என்றால் பதிவு, எஸ் என்றால் அனுப்புதல், ஓ என்றால் மற்றவை. உங்களுக்கு வந்தது ஈ ஆக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு வரும் அழைப்புகளில் அதிகம் அதுதான். 24 மணித்தியாலத்தில் மொத்தமாக 30 நிமிடத்துக்கு மேல் எஞ்சினோடு தொடர்பு அறுந்திருந்தால் அது எரியும்.

போன மாரியில் எங்கள் சாரதி ஒருவர் மூன்று நாளாக ஈ வருகிறது என்று அழைத்தார். அப்பை அழித்துத் திரும்பப் போட்டார், டப்லெட்டை மாற்றினார், போகவில்லை. நான் யார்டுக்குப் போய் டாஷ்போர்டுக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தேன். அந்த ஒன்பது ஊசிச் செருகிக்கு வெளியே ஒரு வளையம் இருக்கும், அதைத் திருப்பினால் "கிளிக்" என்று பூட்டும். அவருடையது பூட்டாமல் சும்மா செருகியபடி நின்றது. குளிருக்குப் பெரிய சப்பாத்துப் போடுகிறவர், ஏறி இறங்கும்போது முழங்கால் வயரில் தட்டுகிறது, குழியில் விழும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. வளையத்தைப் பூட்டி வயரை ஒரு பிளாஸ்டிக் பட்டியால் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஈ வரவில்லை.

ஆகவே எழுத்து வந்தால், முதலில் ஓடிக்கொண்டே டப்லெட்டைத் தொடவேண்டாம். அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். வளையத்தைப் பாருங்கள், பெட்டியில் லைட் எரிகிறதா பாருங்கள். டப்லெட்டில் புளூடூத், லொகேஷன் இரண்டும் ஒன்னில் இருக்கிறதா பாருங்கள். பற்றரியை மிச்சப்படுத்தும் செட்டிங் ஒன்று இருக்கும். அது திரை அணைந்ததும் அப்பைக் கொன்றுவிடும். அதை அந்த அப்புக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள், பாதித் தொல்லை அதோடு போய்விடும். டப்லெட்டை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இவ்வளவும் பத்து நிமிட வேலை. அப்புறம் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அழைப்பதற்கு முன் ஒரு துண்டில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: ட்றக் எண், பெட்டியில் ஒட்டியிருக்கும் எண், அப்பின் பதிப்பு எண், திரையில் வந்த எழுத்து, அது வந்த நேரமும் இடமும். திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள், அது மறைந்தாலும் காட்டலாம். எனக்கு ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் போனில் கதைக்கக் கூச்சம். முன்னால் இருப்பவர் வேகமாகக் கேட்கும்போது சொல் வராது. அந்தத் துண்டைப் பார்த்து வாசித்தால் போதும் என்று ஒரு பழைய சாரதி சொல்லித் தந்தார். இன்றைக்கும் நான் அப்படித்தான் அழைக்கிறேன். கதைத்து முடிந்ததும் அவர்கள் தரும் முறைப்பாட்டு எண்ணைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஸ்கேலில் மறித்தால் "நான் அறிவித்துவிட்டேன்" என்பதற்கு அதுதான் சாட்சி.

சரியாகவில்லை என்றால் பேப்பர் லொக். அமெரிக்காவில், பழுது கண்ட 24 மணித்தியாலத்துக்குள் நீங்கள் கொம்பனிக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். அன்றைய நாளையும் அதற்கு முந்திய 7 நாளையும் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும். டப்லெட்டில் அந்த நாட்கள் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் பேப்பரில் கீறவேண்டும். கொம்பனி 8 நாளுக்குள் திருத்தித் தரவேண்டும். கனடாவில் அந்தக் கெடு 14 நாள். காட்டவேண்டியதும் முந்திய 14 நாள். அதனால்தான் கபினில் வெறும் பேப்பர் லொக் வைத்திருக்கச் சொல்கிறோம். அமெரிக்க விதிக்கு 8 நாளுக்குப் போதும், கனடா விதிக்கு 15 நாளுக்கு வேண்டும். நீங்கள் இரண்டு பக்கமும் ஓடுவதால் 15 நாள் கொப்பியை வையுங்கள். புதிய சாரதிகளில் பாதிப்பேருக்கு அந்தக் கட்டங்களில் கோடு கீறத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய ஒரு நாளை டப்லெட்டில் பார்த்துப் பேப்பரில் கீறிப் பழகுங்கள்.

மூன்றாவது, ஸ்கேலில் அனுப்புவது. அங்கே நிற்கும்போது கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. அதற்கு மருந்து, அங்கே போவதற்கு முன்னமே வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து அந்தத் திரையைப் பத்துத் தரம் திறந்து பார்ப்பதுதான்.

அமெரிக்காவில் அதிகாரி அநேகமாக ஒரு குறியீட்டைச் சொல்லுவார். பரிசோதனைத் திரையில் அனுப்பு என்பதை அமத்தினால் ஒரு வெற்றுக் கட்டம் வரும், அந்தக் குறியீட்டை அதில் எழுதவேண்டும். அதை எழுதாமல் அனுப்பினால் லொக் அரசாங்கத்தின் சேர்வருக்குப் போகும், ஆனால் அந்த அதிகாரியின் கையில் சேராது. அவர் வரவில்லை என்பார், நீங்கள் அனுப்பினேன் என்பீர்கள். உங்களுக்கு நடந்தது இதுவாகவே இருக்கலாம். அங்கே உள்ள கருவிகள் இரண்டு வகை. ஒன்று இணையம் வழியாக அனுப்பும், மற்றது யூஎஸ்பியிலும் புளூடூத்திலும் கொடுக்கும். உங்களுடையது எந்த வகை என்று முன்னமே தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் அதிகாரி அதைத்தான் முதலில் கேட்பார். கனடாவில் பெரும்பாலும் அதிகாரி ஒரு ஈமெயில் முகவரி தருவார், லொக் பிடிஎஃப் ஆகப் போகும். அனுப்பவே முடியவில்லை என்றாலும் பதறவேண்டாம். திரையில் காட்டலாம், அதற்காகத்தான் டப்லெட்டைத் தாங்கியிலிருந்து கழற்றிக் கதவுக்கு வெளியே நீட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பரிசோதனைத் திரைக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். உங்கள் வட்ஸ்அப் செய்தியெல்லாம் அவர் பார்க்கத் தேவையில்லை.

கபினில் ஒரு பிளாஸ்டிக் உறை வையுங்கள். அதற்குள் அப்பின் கைநூல், லொக்கை எப்படி அனுப்புவது என்ற ஒரு தாள், பழுது வந்தால் என்ன செய்வது என்ற ஒரு தாள், பிறகு அந்த வெறும் பேப்பர் லொக். கனடாவில் இவை எல்லாம் இருக்கவேண்டும் என்பது விதி. பெரும்பாலும் கொம்பனி தந்திருக்கும், ஆனால் இருக்கைக்குக் கீழே எங்கேயோ கிடக்கும். எடுத்து வெளியே வையுங்கள். நீங்கள் என்னைக் கேட்ட மூன்று கேள்வியில் இரண்டுக்குப் பதில் அந்த உறைக்குள்ளேயே இருக்கிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் சிக்காகோ ஓடுகிறவருக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்: எல்லை.

கனடாவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் ஓடலாம், ஓட்டத்தோடு மற்ற வேலையும் சேர்த்து 14. அமெரிக்காவில் ஓட்டம் 11, அதுவும் வேலை தொடங்கிய நேரத்திலிருந்து 14 மணித்தியாலத்துக்குள் முடியவேண்டும். இடையில் சாப்பிட்டாலும் பேசாமல் இருந்தாலும் அந்த 14 ஓடிக்கொண்டே இருக்கும். கனடாவில் அப்படி இல்லை, இடையில் எடுத்த ஓய்வு வேலை நேரத்தில் சேராது, மொத்தம் 16 மணித்தியாலத்துக்குள் முடித்தால் சரி. அமெரிக்காவில் 8 மணித்தியாலம் ஓடியதும் 30 நிமிடம் ஓடாமல் இருக்கவும் வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மொன்றியலில் விடிய 5 மணிக்கு, 10 மணித்தியாலம் ஓய்வெடுத்த பிறகு, வேலை தொடங்குகிறீர்கள். வழியில் டீசல், சாப்பாடு, வின்சரையும் டிட்ரோய்ட்டையும் இணைக்கும் எல்லைப் பாலமான அம்பாசடர் பாலத்தில் காத்திருப்பு என்று ஒன்றரை மணித்தியாலம். ஓட்டம் 10 மணித்தியாலம். பின்னேரம் 4.30க்கு டிட்ரோய்ட் பக்கம் இறங்குகிறீர்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் டப்லெட் உங்களுக்கு இன்னும் 3 மணித்தியாலம் ஓட்டம் இருக்கிறது என்று காட்டியது. அந்தப் பக்கம் போனதும் அது 1 மணித்தியாலம். பழுது ஒன்றும் இல்லை, விதி மாறிவிட்டது. அமெரிக்கா நீங்கள் கனடாவில் ஓடியதையும் சேர்த்துத்தான் எண்ணும். அந்த ஒரு மணித்தியாலத்தில் ஆன் ஆர்பரைத் தாண்டினால் பெரிய விஷயம், சிக்காகோவுக்கு இன்னும் 350 கிலோமீற்றருக்கு மேல் கிடக்கும். இதைப் பாலத்தில் ஏறுமுன் அறிந்தவர் வின்சரிலேயே நல்ல இடமாகப் பார்த்துப் படுப்பார். அறியாதவர் ஐ-94இல் இருட்டில் நிறுத்த இடம் தேடி அலைவார். இடம் கிடைக்காமல் ஓடினால் அது விதிமீறல், தெருவோரத்தில் நிறுத்தினால் அது ஆபத்து.

சில அப் எல்லையைத் தாண்டியதும் தானாக விதியை மாற்றும், சிலவற்றில் நீங்கள்தான் மாற்றவேண்டும். உங்களுடையது எது என்று இன்றைக்கே உதவி எண்ணில் கேளுங்கள். ரொறன்ரோவை விட்டுப் புறப்படும் முன், செட்டிங்கில் அமெரிக்க விதியைப் போட்டால் எவ்வளவு நேரம் மிச்சம் காட்டுகிறது என்று ஒருதரம் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். இன்னொன்று, சிக்காகோவில் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பிந்தி இருக்கும், ஆனால் லொக் உங்கள் கொம்பனி இருக்கும் ஊரின் நேரத்தில்தான் ஓடும். அதை மாற்றப் பார்க்கவேண்டாம்.

இதே எல்லையில் தடுக்கி விழுகிற இன்னொரு இடம் சொந்தத் தேவைக்கு ஓடுவது. அமெரிக்காவில் வேலை முடிந்தபின் சாப்பாட்டுக்கோ படுக்கும் இடத்துக்கோ போவதை அந்த நிலையில் போடலாம், லோட் பின்னால் இருந்தாலும் பரவாயில்லை, தூரத்துக்கு ஒரு எண் வைக்கவில்லை. கனடாவில் லோட் இறக்கப்பட்டு, ட்றெயிலர் கழற்றப்பட்டு இருக்கவேண்டும், ஒரு நாளில் 75 கிலோமீற்றருக்கு மேல் போகவும் முடியாது. மேலே போனால் கருவி தானாகவே ஓட்ட நேரமாக மாற்றிவிடும். மிச்சிகனில் பழகியதை ஒன்ராறியோவில் செய்யவேண்டாம். அடுத்த லோட் ஏற்றும் இடத்துக்குக் கிட்டப் போவதற்கு அதைப் பாவிப்பது இரண்டு நாட்டிலும் பிழை.

யார்ட் மூவ் பற்றிச் சுருக்கமாக: யார்டுக்குள் ட்றெயிலர் மாற்றும்போது போடுங்கள், ரோட்டுக்கு ஏறுமுன் எடுங்கள். மறந்தால் கனடாவில் 32 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் கருவியே எடுத்துவிடும், ஆனால் அதை நம்பி இருக்கவேண்டாம்.

நிறுத்தியதும் நிலையை மாற்றாமல் இறங்கிப் போவதும் எல்லோரும் செய்கிற பிழை. ட்றக் நின்று 5 நிமிடம் ஆனதும் திரை கேட்கும், ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் தானாக வேலை நேரம் என்று போட்டுவிடும். நீங்கள் ஸ்லீப்பரில் படுத்து 7 மணித்தியாலம் தூங்கியிருப்பீர்கள், லொக் 7 மணித்தியாலம் வேலை என்று சொல்லும். இது ஓட்ட நேரம் அல்ல, ஆகவே இதைத் திருத்தலாம். ஸ்லீப்பர் என்று மாற்றி, மறந்துவிட்டேன் என்று குறிப்பு எழுதினால் முடிந்தது. எது திருத்தக்கூடியது, எது திருத்த முடியாதது என்ற இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும்.

கடைசியாக, "நீ ஓடு, லொக்கை நாங்கள் சரிசெய்கிறோம்" என்ற அந்தப் பேச்சு. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது, ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கொம்பனி உங்கள் லொக்கில் திருத்தம் முன்மொழியலாம், அதில் பிழை இல்லை. சேஃப்டியில் இருந்து நானும் செய்கிறேன், ட்றெயிலர் எண் பிழை, போன நாள் கையொப்பம் இல்லை, இப்படி. ஆனால் அது உங்கள் திரைக்கு வந்து, நீங்கள் வாசித்து, ஏற்றுக்கொண்டு கையொப்பம் வைத்தால்தான் செல்லும். பழைய பதிவும் உள்ளே அப்படியே இருக்கும். ஓட்ட நேரத்தைக் குறைக்கும் திருத்தம் என்று ஒன்று நேர்மையான கருவியில் கிடையாது. யாராவது உங்களைக் கேட்காமல் உங்கள் ஓட்ட நேரத்தை மறையச் செய்கிறார்கள் என்றால் அது உதவி அல்ல, கள்ளக் கணக்கு. டீசல் ரசீதும் பாலத்தின் ரசீதும் எல்லையில் பதிந்த நேரமும் அதைப் பொய் என்று காட்டிக்கொடுக்கும். அன்றைக்கு ஸ்கேலில் நிற்பது நீங்கள். லைசன்ஸும் உங்களுடையது.

நான் பேப்பர் லொக் காலத்தில் தொடங்கியவன். அமெரிக்காவில் 2017 டிசம்பரில்தான் ஈஎல்டி கட்டாயமானது. கனடாவில் 2021 ஜூனில் சட்டம் நடைமுறைக்கு வந்து, 2023 ஜனவரியிலிருந்துதான் இறுக்கினார்கள். அதற்கு முன் கொப்பியில் என்ன எழுதினாலும் எழுதியதுதான். அப்போது நான் வேலை செய்த இடத்தில், "இரவுக்குள் கொண்டுவா, கொப்பியை நாளைக்கு எழுதலாம்" என்பார்கள். ஒரு மாரி விடியற்காலை, வுட்ஸ்டொக்குக்குக் கிட்ட, 401இல், ரோட்டுக் கரையில் வெட்டியிருக்கும் அந்தக் கோடுகளில் சக்கரம் ஏறிய சத்தத்தில் கண் விழித்தேன். கண் திறந்தபடிதான் இருந்தது என்று நினைத்தேன், இல்லை. எத்தனை வினாடி என்று தெரியாது. வலது பக்கம் பள்ளத்தில் பனி, முன்னால் ஒரு சிறிய காரின் சிவப்பு லைட். அடுத்த ஓய்விடத்தில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கன நேரம் இருந்தேன். அன்றைய கொப்பியில் நான் எட்டு மணித்தியாலம் தூங்கியதாக என் கையாலேயே எழுதியிருந்தேன்.

ஆகவே யாராவது உங்கள் மணித்தியாலத்துக்கு மேல் ஓடச் சொன்னால், எழுத்தில் பதில் போடுங்கள்: "எனக்கு இவ்வளவு நேரம்தான் மிச்சம், இதற்கு மேல் ஓடினால் விதிமீறல்." அவர்கள் போனில் சொன்னாலும் நீங்கள் டெக்ஸ்டில் பதில் சொல்லுங்கள். அநேகமாக அந்த ஒரு வரியோடு பேச்சு நின்றுவிடும். அமெரிக்காவில் சாரதியை மிரட்டி விதி மீற வைப்பதற்கு எதிராக 2016 ஜனவரியிலிருந்து தனி விதியே இருக்கிறது. நடந்து 90 நாளுக்குள் மத்திய அரசின் ட்றக் பாதுகாப்பு நிர்வாகத்திடம் முறையிடலாம், அதற்கு எழுத்தில் உள்ளதுதான் ஆதாரம். அதற்கும் பிறகு அப்படியே என்றால் வேறு கொம்பனி பாருங்கள். மூன்று மாதம் ஓடி, ஒரு ரிக்கெட்டும் இல்லாத சாரதிக்கு இந்த ஊரில் வேலை கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வட்ஸ்அப் குழுக்களில் "லொக் திருத்தித் தருவோம்" என்று எண் பகிர்கிறார்கள். மாதம் இவ்வளவு காசு, நேரம் தீர்ந்தால் அழைக்கலாம் என்பார்கள். உங்கள் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்பார்கள். கொடுக்கவேண்டாம். கருவி வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். அமெரிக்காவில் கருவி செய்தவரே தன் கருவி சரி என்று சான்று சொல்கிறார், பிழை கண்டால் பிறகு பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். கனடாவில் வெளியார் ஒருவர் சோதித்துச் சான்று கொடுத்தால்தான் செல்லும், அந்தப் பட்டியல் கனடா போக்குவரத்து அமைச்சின் தளத்தில் இருக்கிறது. உங்கள் பெட்டியின் பெயரும் மொடலும் இரண்டு பட்டியலிலும் இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இந்தக் கிழமை செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்குப் புறப்படும் முன் அந்த வளையத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். 1 மணித்தியாலம் 12 நிமிடத்துக்குக் குறிப்பு எழுதி, சேஃப்டிக்கு ஈமெயில் போடுங்கள். உதவி எண்ணை டப்லெட்டில் மட்டும் வைக்காமல் போனிலும் சேமியுங்கள், டப்லெட் செத்தால் அதற்குள் இருக்கும் எண்ணால் பிரயோசனம் இல்லை. பரிசோதனைத் திரை எங்கே என்று இன்றிரவே தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள். எந்த அப் என்றாலும் அந்தப் பட்டனைக் கண்டுபிடித்துத் தருகிறேன்.